லயத்துக்கு வந்த முதல் தனி முகவரி

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களின் ஜனநாயகத்தைக் கைபேசி எப்படி மாற்றியது என்று பார்க்க வேண்டுமானால் தபாலிலிருந்து தொடங்க வேண்டும். நமுனுகுல மலையைச் சுற்றி, பசறைக்கும் எல்ல நகருக்கும் இடையிலுள்ள சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அங்குள்ள லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி இல்லாதது நெடுங்கால வழக்கம். தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், தபாலகத்தின் பெயர், அவ்வளவுதான். அந்த ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும், அல்லது மேசையிலேயே கிடக்கும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த கதை மலையகத்தில் யாருக்கும் புதிதல்ல.

கைபேசி இலக்கம் அப்படி இல்லை. அதற்கு வரும் செய்தி அலுவலகத்தைச் சுற்றி வருவதில்லை, நேராக ஆளுக்கே வருகிறது. பல குடும்பங்களுக்கு இந்த இலக்கம்தான் முதன்முதலாக வாய்த்த தனி முகவரி. தோட்டப்புறத்து அரசியலில் சமூக ஊடகம் கொண்டுவந்த மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவை. ஆனால் அந்த மாற்றங்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதற்கான காரணம் போனில் இல்லை. அது வாக்குச்சீட்டிலும் பிரதேச சபையிலும் அரசாங்கக் கோப்பிலும் இருக்கிறது.

நடுவில் நின்றவர்கள்

இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் சந்ததியான மலையகத் தமிழர், வாக்குரிமையை ஒருமுறை பெற்று, இழந்து, மீண்டும் பெற்றவர்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா அக்கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களின் வாக்கையும் பறித்தது. 1964 ஒக்டோபரில் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இன்று வாட்ஸ்அப்பில் அரசியல் பேசும் இளைஞர்களில் பலருடைய தாத்தா பாட்டி, வயது வந்த காலத்தின் பெரும்பகுதியை வாக்கில்லாமலே கழித்தவர்கள்.

வாக்கில்லாத அந்தக் காலத்தில் தோட்டத்து மக்களுக்காகப் பேசியவை தொழிற்சங்கங்கள். மாதச் சந்தா சம்பளத்திலேயே கழிக்கப்பட்டுச் சங்கத்துக்குப் போகும். தோட்டத்துச் சங்கத் தலைவர் தோட்ட முகாமையாளரான துரையிடம் பேசுவார், மாவட்டப் பிரதிநிதி தலைவரிடம் பேசுவார், கொழும்பில் இருப்பவர் அமைச்சரிடம் பேசுவார். செய்தியும் அதே படிகளில்தான் இறங்கி வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை சொல்வது ஒரு பக்கம், மாலையில் தலைவர் வீட்டு வாசலில் கிடைப்பது இன்னொரு பக்கம். சங்கமும் கட்சியும் ஒன்றாகவே இருந்ததால், தேர்தல் காலத்தில் யாருக்கு வாக்களிப்பது என்ற சொல்லும் அந்த வழியாகவே வந்தது.

இந்த அமைப்பால் பலன் இல்லாமல் இல்லை. குடியுரிமையை மீட்டதில் சங்கங்களின் பங்கு பெரியது. ஆனால் மேலே என்ன பேசப்பட்டது, எதை விட்டுக்கொடுத்து எது வாங்கப்பட்டது என்பதைத் தோட்டத்தில் இருப்பவர் தாமாக அறிய வழி இருக்கவில்லை. இப்போது பேச்சுவார்த்தை முடிந்து தலைவர்கள் வெளியே வரும்போதே நேரலை ஓடுகிறது. முன்பு சொன்ன வாக்குறுதியின் காணொளியை யாராவது தேடி எடுத்து அதே நாளில் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள்.

கறுப்புச் சட்டை, 2018

இந்த மாற்றம் முதலில் பெரிதாகத் தெரிந்தது சம்பளப் பிரச்சினையில். அந்நாட்களில் தோட்டத் தொழிலாளர் சம்பளத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் தீர்மானித்தது. முதலாளிமார் சம்மேளனமும் சில சங்கங்களும் அதில் கையொப்பமிடும். 2018இல் ஒப்பந்தம் காலாவதியாகும் வேளையில், அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 1000 ரூபா ஆக வேண்டும் என்ற கோரிக்கை சூடுபிடித்தது. ஒக்டோபர் 24ஆம் திகதி, கறுப்பு உடை அணிந்த மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். எந்தச் சங்கமும் பஸ் ஏற்பாடு செய்து கூட்டிவந்த கூட்டமல்ல அது. முகநூல் வழியே பரவிய அழைப்பில் கூடியது.

வந்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களில் பலர் கொழும்பின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள். கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளத்துக்காக வந்தவர்கள். அவர்கள் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. கூட்டு ஒப்பந்த மேசையில் அவர்களுக்கு நாற்காலியும் இல்லை. பதுளை, நுவரெலியா, இரத்தினபுரி என்று சிதறிக் கிடந்த தோட்டங்களின் பிள்ளைகள் தலைநகரில் ஒரே இடத்தில், ஒரே நாளில் சந்தித்தார்கள்.

விளைவு கலவையானது. இரண்டு நாளில், 26ஆம் திகதி, நாட்டில் அரசியலமைப்பு நெருக்கடி வெடித்தது. செய்திகள் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பின. 2019 ஜனவரியில் கையொப்பமான புதிய ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவாக மட்டுமே உயர்த்தியது. 1000 ரூபா வருவதற்கு 2021 மார்ச் ஆனது. அதுவும் கூட்டு ஒப்பந்தத்தால் அன்றி, சம்பள நிர்ணய சபை வழியாக, வர்த்தமானி அறிவித்தலாக வந்தது. முகநூல் கோரிக்கையை நாடு முழுவதற்கும் தெரிந்த எண்ணாக்கியது. அதை முடிவு செய்த மேசை பழைய மேசையாகவே இருந்தது.

கூட்டம் சேர்க்க இணையம் கட்டாயம் என்றும் சொல்லிவிட முடியாது. 2015 செப்டெம்பரில் கேரளத்தின் மூணாறில் தமிழ்ப் பெண் தோட்டத் தொழிலாளர்கள் 20 வீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்று பேர் வாங்கிய அந்தப் போராட்டம், லயத்துக்கு லயம் வாய்வழியே பரவி, கேட்டதைப் பெற்றது. வேலை செய்பவரே வேலையை நிறுத்தியதால் தோட்டம் நின்றது. காலிமுகத்திடலில் கூடியவர்களில் பலர் கடைப் பணியாளர்கள். அவர்கள் அங்கே கூடியதால் எந்தத் தோட்டத்திலும் கொழுந்து தேங்கவில்லை.

இலக்கமும் முகமும்

முகநூலில் அழைத்துத் திரளும் பழக்கத்தை 2022இன் 'அரகலய' என்ற மக்கள் போராட்டம் நாடு தழுவியதாக்கியது. ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. ஏறத்தாழ 15 மணி நேரத்தில் தடையை நீக்க வேண்டியதாயிற்று. ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கிய காலிமுகத்திடல் போராட்டம் ஜூலையில் ஜனாதிபதியின் பதவி விலகலில் முடிந்தது. 2021இல் வந்த இரசாயனப் பசளைத் தடையால் கொழுந்து குறைந்து, அதன்பின் கோதுமை மா விலை ஏறியதைக் கண்ட தோட்டத்து மக்களுக்கு அந்தக் கோபம் அந்நியமாக இருக்கவில்லை.

தேர்தலில் சமூக ஊடகத்தின் பலன் 2024இல் தெரிந்தது. இலங்கையின் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் முதலில் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடியிடுகிறார். பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். விருப்பு வாக்குக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். பதுளை மாவட்டத்துக்கு ஒன்பது ஆசனங்கள், ஆகவே ஒரு கட்சியின் பட்டியலில் பன்னிரண்டு பேர். முன்பெல்லாம் இலக்கத்தை மனதில் பதிய வைக்கச் சுவரொட்டி வேண்டும், லௌட்ஸ்பீக்கர் வாகனம் வேண்டும், துண்டுப் பிரசுரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். முகமும் இலக்கமும் சேர்ந்த அரை நிமிட டிக்டொக் காணொளிக்கு அவ்வளவு செலவில்லை. வசதி குறைந்த வேட்பாளருக்கு அது கைகொடுத்தது.

நவம்பர் 14ஆம் திகதி நடந்த அந்தத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி பதுளையில் ஆறு ஆசனங்களைப் பெற்றது. அந்த ஆறு பேரில் இருவர், அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும், மலையகத் தமிழர்கள். நுவரெலியாவின் கலைச்செல்வியோடு அம்பிகா சாமுவேலும் சேர, மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றம் சென்றார்கள். இதற்கு டிக்டொக் மட்டும் காரணம் என்பது மிகை. நாடெங்கும் வீசிய அலையும், பழைய தலைமைகள் மீதான சலிப்பும், பெண் வேட்பாளர்களைத் துணிந்து நிறுத்திய கட்சி முடிவும் சேர்ந்தே அது நடந்தது. ஆனால் சங்கத்தின் சிபாரிசு இல்லாத முகத்தைத் தோட்டத்து வாக்காளர் அறிய இன்னொரு வழி இருந்தது என்பது உண்மை.

வாக்குச்சீட்டு இன்னும் காகிதம்தான்

அரசியல் பேச்சு எவ்வளவு தூரம் போனுக்குள் போனாலும் வாக்கு அங்கே போகவில்லை. இலங்கையில் மின்னணு வாக்குப்பதிவு இல்லை. வெளிநாட்டில் இருந்து வாக்களிக்கவும் வழியில்லை. தபால் வாக்கு பெரும்பாலும் தேர்தல் நாளில் கடமையில் இருக்கும் அரச ஊழியர்களுக்கானது. பெயர் எந்த வாக்காளர் இடாப்பில் இருக்கிறதோ அந்த வாக்களிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

தோட்டத்து இளைஞரின் நிலையில் வைத்துப் பார்த்தால் இது என்னவென்று புரியும். கொழும்பில் துணிக்கடையில் நிற்பவரின் பெயர் பசறைத் தொகுதியில் இருக்கிறது. தேர்தலுக்கு முன்தினம் கடையில் லீவு கேட்க வேண்டும், இரவு பஸ் பிடிக்க வேண்டும், விடியற்காலை பதுளையில் இறங்க வேண்டும், அங்கிருந்து தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், தோட்டத்துப் பாடசாலையில் வரிசையில் நிற்க வேண்டும். பஸ் செலவும் இழந்த சம்பளமும் சேர்த்தால் ஒரு வாக்கின் விலை சிறிதல்ல. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் அவருடைய அக்காவுக்கு அதுவும் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்குப் போடுவது என்று அதிகம் வாதாடுபவர் அவராகவே இருக்கலாம். வாக்களிக்க முடியாதவரும் அவர்தான்.

இணையம் உண்மையில் எளிதாக்கிய விஷயங்கள் சிறியவை, ஆனால் பயனுள்ளவை. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை இட்டால் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டாலும், இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம் என்ற தகவல் இப்போது குறுங்காணொளிகளில் சுற்றுகிறது. கடிதம் ஒழுங்காகக் கிடைக்காத லயங்களில் இந்த ஒரு தகவலே பல வாக்குகளைக் காப்பாற்றும். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம், மூன்றாம் விருப்பை எப்படிக் குறிப்பது என்பதற்கும் இதே வழி உதவியது. இலங்கை வரலாற்றில் விருப்பு வாக்குகளை எண்ணி ஜனாதிபதி தெரிவானது அந்தத் தேர்தலில்தான்.

பொய் பரவும் வேகம்

நேராக வரும் செய்தியை யாரும் சரிபார்த்து அனுப்புவதில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே வேகத்தில் வருகின்றன. இதற்கு இலங்கை கொடுத்த விலை பெரியது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் புரளி கிளம்பியது. சிங்களம் சரியாகத் தெரியாத ஊழியர் ஒருவர், கூட்டம் மிரட்டிக் கேட்ட கேள்விக்குத் தலையாட்டியதை ஒப்புதல் வாக்குமூலமாக்கி வீடியோ பரப்பினார்கள். மார்ச் மாதத்தில் கண்டியின் திகன பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப் உள்ளிட்டவற்றை ஒரு வாரம் போல முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்தின் பங்குக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் தடை வந்தது. தடை வரும்போதெல்லாம் புரளியோடு உண்மையும் நிற்கிறது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று மூன்று சமூகங்களும் அடுத்தடுத்து வாழும் பதுளை போன்ற மாவட்டத்தில் புரளி, தடை இரண்டும் ஆபத்தானவை.

நிறுவனங்களின் கண்காணிப்பு ஆங்கிலத்தில் வலுவானது, சிங்களத்திலும் தமிழிலும் பலவீனமானது. பேச்சுத் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் அதை இன்னும் பலவீனமாக்குகிறது. தேர்தல் பிரசாரம் முடிந்து வாக்களிப்புக்கு முந்திய அமைதிக் காலத்தில் மேடைகள் ஓய்ந்துவிடும், ஆனால் முகநூலில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். எது எவ்வளவு பரவுகிறது என்று ஆய்வாளர்கள் பார்க்கப் பயன்படுத்திய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஓகஸ்ட்டில், இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில் மூடிவிட்டது.

சட்டம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்றுகளைக் கையாள ஐவர் கொண்ட ஆணைக்குழுவை ஏற்படுத்துகிறது. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இப்படி ஓர் ஆணைக்குழுவிடம் குவிவதை ஊடக அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தன. தோட்டத்து இளைஞரைப் பொறுத்தவரை கேள்வி எளிது. துரையையோ தலைவரையோ விமர்சித்து ஒரு பதிவிட்டால் அது கருத்தா, குற்றமா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் மக்கள் பேசாமல் இருக்கப் பழகிவிடுவார்கள். புரளியைச் சோதிக்க ஃபெக்ட்செக், ஃபெக்ட் கிரெசென்டோ போன்ற தளங்கள் தமிழிலும் இயங்குகின்றன. ஆனால் திருத்தம் வந்து சேர்வதற்குள் புரளி இரண்டு டிவிசன் தாண்டியிருக்கும்.

சிக்னல் யாருக்கு, போன் யார் கையில்

எல்லோருக்கும் இந்த முகவரி சமமாக வாய்க்கவில்லை. மலைச்சரிவில் ஒரு லயத்தில் சிக்னல் இருக்கும், கீழ்க் கானுக்கு அப்பால் இருக்காது. 2021இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், நமுனுகுலவிலிருந்து அதிக தூரமில்லாத லுணுகலைப் பக்கத்தில், இணையவழிப் பாடத்துக்காகப் பிள்ளைகள் காட்டு மரத்தின் மேல் அமைந்த குடிலில் ஏறி அமர்ந்த படம் வெளிநாட்டு ஊடகங்களிலும் வந்தது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் எடுக்கும் கணினி அறிவு ஆய்வுகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றில் தோட்டமே கடைசியில் நிற்கிறது.

வீட்டுக்குள்ளும் சமமில்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மலையில் நிற்கும் நேரத்தில் போன் பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்தால் தண்ணீர், விறகு, சமையல். நல்ல போன் மகன் கையில் இருக்கும், அம்மாவிடம் பழைய பட்டன் போன். உள்ளூராட்சித் தேர்தலில் 2018 முதல் 25 வீத ஒதுக்கீடு வந்ததால் பெண்கள் அரசியலுக்கு வருவது கூடியிருக்கிறது. அவர்களுடைய படங்களின் கீழே வரும் பின்னூட்டங்களில் அரசியல் விமர்சனத்தைவிட உடையையும் ஒழுக்கத்தையும் பற்றிய பேச்சே அதிகம். அதைப் பார்க்கும் அடுத்த பெண் வேட்புமனுவில் கையொப்பமிட யோசிப்பாள்.

தேர்தல் இல்லாத நாட்களில்

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாக்களிப்பது பங்கேற்பின் ஒரு பகுதிதான். மீதி, பாதை, தண்ணீர், காணி, மண்சரிவு என்று அன்றாடம் நடப்பது. தோட்டங்களுக்கு இதில் ஒரு பழைய தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குள் தாராளமாகச் செலவிட விடவில்லை. தோட்டத்தில் இருப்பவர் சபைக்கு வாக்களிக்கலாம், ஆனால் அந்தச் சபை அவருடைய பாதையைப் போடாது. 2018இல் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதன் பிறகு தோட்டத்துப் பாதையின் படத்தை முகநூலில் போட்டு உறுப்பினரின் பெயரை இணைப்பதற்கு ஒரு சட்ட அர்த்தமும் வந்தது.

ஆனால் படத்துக்குக் கோப்பு இலக்கம் இல்லை. நூறு பேர் கோப முகம் போட்ட பதிவு அடுத்த வாரம் கீழே போய்விடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கொடுக்கும் விண்ணப்பம் அப்படிப் போகாது. அதைப் பெற்றுக்கொண்ட தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்கலாம், அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். இந்தப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தீர்கள் என்று கேட்டு வாங்கிய பதிலைப் படம் பிடித்துக் குழுவில் போடும்போதுதான் பகிர்வுக்குப் பலம் வருகிறது.

மொழி இங்கேயும் குறுக்கே நிற்கிறது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகளாக அறிவிக்கப்பட்டவை. நடைமுறையில் பதில் கடிதம் சிங்களத்தில் வருவது சாதாரணம். உயிர் போகும் நேரத்தில், செய்தி மக்களைச் சேராத குறை இன்னும் கொடியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்த லயங்களை மண் மூடுவதற்கு முன்பே, அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா மலைகளைச் சரித்தபோது போன் இருந்தது, குழுக்கள் இருந்தன, சிக்கியவர்களின் இருப்பிடத்தையும் படத்தையும் இளைஞர்கள் மணிக்கணக்கில் பகிர்ந்தார்கள். அப்போதும் உத்தியோகபூர்வ அறிவிப்புகள் தமிழில் தாமதமாக வந்தன, சில வரவே இல்லை என்ற குறை எழுந்தது.

ஒரு தோட்டத்தில் இந்தக் கருவிகள் ஜனநாயகத்துக்கு உதவுகின்றனவா என்று பார்க்கச் சில எளிய கேள்விகள் போதும். பதினெட்டு வயதானவர்களின் பெயர் இடாப்பில் ஏறியிருக்கிறதா என்று குழுவில் யாராவது சரிபார்க்கிறார்களா? சபையின் மாதக் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பது தமிழில் வந்து சேர்கிறதா? வந்த செய்தியை அனுப்புமுன் யாராவது சோதிக்கிறார்களா? கொழுந்து மலையிலிருந்து இறங்கும் பெண்களுக்கும் அந்தச் செய்தி அன்றைக்கே எட்டுகிறதா? கேட்ட தகவலுக்குப் பதில் வராதபோது மேன்முறையீடு செய்ய ஆள் இருக்கிறதா? இவற்றைச் செய்ய ஒவ்வொரு தோட்டத்திலும் சிங்களமும் படிக்கத் தெரிந்த, மாதம் ஒரு மாலையை ஒதுக்கக்கூடிய இரண்டு மூன்று பேர் போதும்.